முதுகில் ஊசி போட்டதும் வரும் நடுக்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

சிசேரியன் மேசை. இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போட்டாயிற்று, குழந்தையும் அழுதாயிற்று. திடீரென்று தாயின் பற்கள் கடகடவென்று அடித்துக்கொள்கின்றன. தோளும் கையும் வெடவெடவென்று உதறுகின்றன. விரலில் மாட்டிய கிளிப் ஆட, மானிட்டர் கத்துகிறது. "எனக்குக் குளிரவே இல்லையே டாக்டர்" என்கிறார் அவர். வார்டுக்குக் கொண்டுவந்தால் பாட்டி முதலில் கேட்பது, "ஜன்னியா?"

பெரும்பாலும் ஜன்னி இல்லை, பாட்டி. ஊசியால் காலின் ரத்தக் குழாய்கள் விரிகின்றன. உடலின் நடுவே இருந்த சூடு காலுக்கு இறங்கிவிடுகிறது. கால் கதகதப்பாக இருப்பதால் குளிர் தெரிவதில்லை. ஆனால் உள்சூடு குறைந்ததை மூளை கண்டுகொண்டு, நடுங்கிச் சூடேற்றப் பார்க்கிறது. மரத்த கால் நடுங்காது, பாரமெல்லாம் மேல்பாதிக்குத்தான்.

நடுங்கினால் ஆக்சிஜன் தேவை கூடும். இளம் தாய் தாங்குவார், இதய நோயாளிக்குச் சிரமம். முதலில் போர்வை, சூடான காற்று, வெதுவெதுப்பான சலைன். அதற்கும் அடங்காவிட்டால்தான் மருந்து.

பெத்திடின் என்ற வலி மருந்துதான் நடுக்கத்துக்குப் பழைய கைகண்ட மருந்து. பெரியவர்களுக்கு 25 மில்லிகிராம் அளவு போதும், சில நிமிடங்களில் நடுக்கம் அடங்கும். வலியைக் குறைப்பதில் மார்ஃபின் பெத்திடினைவிட வீரியமானது. ஆனால் நடுக்கத்தில் பெத்திடின் அளவுக்குக் கைகொடுப்பதில்லை. பெத்திடின் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருவதால் உரிமம், பதிவேடு என்று கெடுபிடி அதிகம். அதனாலேயே நம் ஊரில் பலர் டிரமடால் என்ற இன்னொரு வலி மருந்துக்குப் போனோம். நன்றாகக் கேட்கும், ஆனால் குமட்டும்; வயிறு திறந்திருக்கும்போது வாந்தி வந்தால் அறுவை செய்பவர் மயக்க டாக்டரான என்னைத்தான் முறைப்பார்! 2018-இல் அதையும் அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

அமைதிப்படுத்தும் மருந்தான டெக்ஸ்மெடிடோமிடின் இப்போது பிரபலம். குமட்டல் குறைவு, ஆனால் தூக்கம் வரும், நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்கலாம். ஊசியாலேயே அழுத்தம் இறங்கியிருப்பவருக்கு நான் யோசித்துத்தான் கொடுப்பேன். தாய்க்கு என்றால், குழந்தை முகத்தைப் பார்த்து முடிக்கட்டும் என்று காத்திருப்பேன்.

அப்புறம் ஒன்று. வலிப்பு வந்திருந்தாலோ, மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டாலோ, ஊசிக்கு முன்பே மயக்க டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பக்கத்தில் மாமியார் நிற்கிறாரே என்று மறைக்க வேண்டாம். அவரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். வலிப்பு வந்தவர்களுக்கும் அந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும்தான் டிரமடால் ஆகாது.

வணக்கம்.