24 பேர் மலையேறினா 12 கிலோமீட்டருக்கு ஏன் 7 மணி நேரம் ஆகுது? | நிதி திரட்டும் ட்ரெக்கிங், கேம்பிங் பிளான்

[0:00 – திரையில்: மலைப்பாதை, ஒத்தை வரிசையில் 24 பேர். கடைசி ஆள் ஒரு புள்ளி]

12 கிலோமீட்டர் பாதை. 900 மீட்டர் ஏற்றம். பேப்பர்ல கணக்குப் போட்டா நாலு மணி நேரம். ஆனா இந்த 24 பேரும் கேம்ப் போய்ச் சேர ஏழு மணி நேரத்துக்கு மேல ஆகும். யாருக்கும் கால் சுளுக்கல, யாரும் வழி தவறல, மழையும் பெய்யல. அப்ப அந்த மூணு மணி நேரத்தை யார் தின்னது?

பெரும்பகுதியைப் பாரமும் பழக்கமில்லாததும் ஓய்வும் தின்னது, மிச்சத்தை வரிசை தின்னது. பாரத்தைப் பத்தி எல்லாரும் பேசுவாங்க. வரிசையை யாரும் கணக்குலயே சேர்க்கறதில்ல.

வணக்கம் மக்களே. ஒரு நல்ல காரியத்துக்காக நிதி திரட்டணும், அதுக்காக சனிக்கிழமை மலையேறி, ராத்திரி டென்ட்ல தங்கி, ஞாயித்துக்கிழமை இறங்கணும். இதை எப்படி பிளான் பண்றதுன்னுதான் இந்த வீடியோ.

[0:50 – போரடிக்கிற பகுதி. வேகமா ஓட்டிடறேன்]

பாதையும் கேம்ப் இடமும் யார் பொறுப்புல இருக்கோ அவங்ககிட்ட எழுத்துல அனுமதி வாங்குங்க. மூணு கேள்வி கேளுங்க: ஒரு குழுவுல அதிகபட்சம் எத்தனை பேர், ராத்திரி தங்கலாமா, நெருப்பு மூட்டலாமா. நடக்கற அனுமதி வேற, தங்கற அனுமதி வேற. அறக்கட்டளை பேரைப் போஸ்டர்ல போடறதுக்கு முன்னாடி அவங்க சம்மதம் வேணும். இன்சூரன்ஸ்ல மலை மீட்புச் செலவு சேர்ந்திருக்கான்னு பாருங்க. ஆளுக்கொரு மருத்துவப் படிவம்: ஆஸ்துமா, சர்க்கரை, அலர்ஜி, தினமும் போடற மாத்திரை, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும். ஒரு நகல் மலைக்கு வரும், இன்னொண்ணு கீழ வீட்டுல இருக்கற ஒருத்தர்கிட்ட இருக்கும். முடிஞ்சுது.

[1:30 – பண விஷயம்]

பயணச் செலவு ஒரு கணக்கு, நன்கொடை இன்னொரு கணக்கு. பஸ், கேஸ், டென்ட் வாடகை எல்லாம் வர்றவங்க தங்கள் கையிலிருந்து கட்டணும், இல்லாட்டி ஸ்பான்சர் கட்டணும். நன்கொடை குடுத்தவர் காசுல உங்க கேஸ் சிலிண்டர் வாங்கினா, அது நியாயமாவே இருந்தாலும் பார்க்க நல்லா இருக்காது.

இப்ப முக்கியமான விஷயம். "உச்சியைத் தொட்டா இவ்வளவு தர்றேன்", "கிலோமீட்டருக்கு இவ்வளவு"ன்னு சொல்ற நன்கொடை கேட்க ஜோரா இருக்கும். தயவு செஞ்சு அப்படி வாங்காதீங்க. மதியம் ரெண்டு மணிக்கு மேகம் கறுத்து, திரும்பிடலாம்னு லீடர் சொல்லும்போது, கூட்டத்துல ஒருத்தர் கட்டாயம் சொல்வார்: "இன்னும் 300 மீட்டர்தானே, அந்தக் குழந்தைங்களுக்கான பணம் போயிடுமே." இதுக்குப் பதில் சொல்ல எந்த லீடராலயும் முடியாது. அதனால மொத்தத் தொகையையும் நடக்கறதுக்கு முன்னாடியே வாங்கிடுங்க. பாதி வழியில திரும்பினாலும் பணம் அறக்கட்டளைக்குத்தான்னு நோட்டீஸ்லயே போட்டுடுங்க. இதுல இன்னொரு லாபமும் இருக்கு: நடந்து முடிச்ச பிறகு பணத்துக்காக ஒவ்வொருத்தர் பின்னாலயும் அலையறது, மலையேற்றத்தை விடப் பெரிய ஏற்றம்.

[2:40 – திரையில்: பெரிய கடிகாரம்]

சரி, நம்ம வரிசைக்கு வருவோம். இந்த வீடியோவுல எனக்குப் பிடிச்ச இடம் இதுதான், கொஞ்சம் நேரம் எடுத்துக்கப் போறேன்.

1892-ல வில்லியம் நெய்ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் ஒரு எளிய கணக்குக் குடுத்தார். இன்னிக்கும் அதைத்தான் நிறைய பேர் அடிப்படையா வச்சுக்கறாங்க. மெட்ரிக்ல சொன்னா, 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோட ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். நம்ம பாதைக்குப் போடுவோம். 12 கிலோமீட்டருக்கு 2 மணி 24 நிமிஷம். 900 மீட்டர் ஏற்றத்துக்கு ஒன்றரை மணி. மொத்தம் 3 மணி 54 நிமிஷம்.

ஆனா இது நல்லா நடந்து பழகினவர், எங்கயும் உட்காராம, லேசான பையோட போற கணக்கு. நம்ம கூட்டத்துல ஆபீஸ் லிஃப்ட்டைத் தவிர வேற எதுலயும் ஏறாதவங்களும் இருப்பாங்க, முதுகுல கேம்ப் சாமான் வேற. பாதி சேர்த்துக்குங்க: 5 மணி 51 நிமிஷம். மணிக்கு ஒரு தடவை 10 நிமிஷம் ஓய்வு, அஞ்சு தடவை: 6 மணி 41.

அடுத்து ஒரு ஓடை வருது. கல்லு மேல கால் வச்சுத் தாண்டணும். ஆளுக்கு 25 நொடி. ஒருத்தருக்கு அது ஒண்ணுமே இல்ல. 24 பேருக்கு 10 நிமிஷம். பாதையில இந்த மாதிரி ஓடை, பாறை, குறுகலான இடம்னு மூணு இருந்தா அரை மணி நேரம். ஆக 7 மணி 11 நிமிஷம்.

இது குறைந்தபட்சம். இதுக்கு மேல தனித்தனியா நிக்கற நேரம் இருக்கே, அதுதான் ஆளைக் கொல்லும். ஒருத்தர் ஜாக்கெட் கழட்டணும்னு நிக்கறார். பையை இறக்கி, கழட்டி, மடிச்சு, உள்ள திணிச்சு, திரும்ப மாட்ட 4 நிமிஷம். குறுகலான பாதை, பின்னால வர்ற எல்லாரும் நிக்கறாங்க. அந்த 4 நிமிஷத்துல மத்தவங்களும் கழட்டியிருக்கலாம், ஆனா கழட்ட மாட்டாங்க! பத்து நிமிஷம் கழிச்சு அடுத்தவருக்கு வேர்க்கும். 24 பேரும் ஆளுக்கொரு தடவை தனித்தனியா நின்னா 96 நிமிஷம். ஒன்றரை மணி நேரம் ஜாக்கெட்டுக்கே போச்சு.

தீர்வு ரொம்ப சுலபம். கிளம்பும்போது லேசா குளிரணும். நின்ன இடத்துலயே கதகதன்னு இருந்தா, அதிகமா போட்டிருக்கீங்கன்னு அர்த்தம். நடக்க ஆரம்பிச்சு 15-வது நிமிஷம் எல்லாரும் சேர்ந்து ஒரே ஒரு நிறுத்தம். கழட்டறது, ஷூ லேஸ் இறுக்கறது, பையோட இடுப்புப் பட்டையை (ஹிப் பெல்ட்) சரி பண்றது, குதிகால்ல சூடா உரசற மாதிரி இருந்தா டேப் ஒட்டறது, எல்லாம் அப்பவே. அந்த உரசல்தான் கொப்புளத்தோட முதல் அறிகுறி. அப்ப ஒட்டினா ஒரு நிமிஷ வேலை, ஒரு மணி நேரம் கழிச்சுன்னா அடுத்த நாள் முழுக்க நொண்டல்.

[4:50 – திரையில்: லீட் உட்கார்ந்திருக்கிறார், கடைசி ஆள் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறார்]

இந்தக் காட்சியைப் பாருங்க. முன்னாடி போறவர் வந்து உட்கார்றார். 10 நிமிஷ ஓய்வுன்னு அறிவிக்கறார். கடைசி ஆள் 9-வது நிமிஷம் மூச்சு வாங்கிட்டு வந்து சேர்றார். "வந்துட்டீங்களா? கிளம்பலாம்!" யாருக்கு ஓய்வு அதிகம் தேவையோ அவருக்கு ஒரு நிமிஷம். ஓய்வே தேவைப்படாதவருக்கு முழு 10 நிமிஷம். நாள் பூரா இப்படியே போனா, சாயங்காலம் அவர் இன்னும் மெதுவாத்தானே நடப்பார்? கூட்டம் அவரைச் சோம்பேறின்னு நினைக்கும். அவருக்கு ஓய்வே குடுக்காதது இந்தக் கூட்டம்தான்.

விதி இதுதான்: கடைசி ஆள் பையை இறக்கின நொடியிலிருந்துதான் ஓய்வுக் கடிகாரம் ஓடும்.

இந்த வரிசைச் சிக்கலுக்கு மொத்தமா ஒரு வைத்தியம்: 24 பேரை எட்டு எட்டா மூணு குழுவாக்குங்க, 15 நிமிஷ இடைவெளியில கிளப்புங்க. ஓடையில இப்ப 8 பேருக்கு 3 நிமிஷம் 20 நொடிதான். ஒவ்வொரு குழுவுக்கும் முன்னாடி ஒரு லீட், கடைசியில ஒரு ஸ்வீப். லீட் வழி தெரிஞ்சவர். ஸ்வீப்தான் குழுவுலயே பொறுமையான, நல்லா நடக்கற ஆள். இதை எல்லாரும் தலைகீழா பண்றாங்க: வேகமா நடக்கறவரை முன்னாடி விட்டுட்டு, தளர்ந்தவரைக் கடைசியில விட்டுடறாங்க. மெதுவா நடக்கறவர் லீடுக்குப் பின்னால ரெண்டாவதா நடக்கட்டும். வேகம் தானா சரியாயிடும்.

ஆளெண்ணும்போது "எல்லாரும் வந்தாச்சா?"ன்னு கேட்காதீங்க. வராதவர் எப்படிங்க "இல்ல"ன்னு சொல்வார்? ஆளுக்கொரு நம்பர் குடுங்க, ஒவ்வொரு நிறுத்தத்துலயும் ஒண்ணுல இருந்து எட்டு வரை வரிசையா சொல்லட்டும். விட்டுப் போன நம்பர் உடனே காதுல விழும்.

இன்னொரு வரிசை, கிளம்பற இடத்துலயே இருக்கு. பஸ்ல வந்து இறங்கற 24 பேர், ஒரே ஒரு கழிப்பறை, ஆளுக்கு 3 நிமிஷம்: 72 நிமிஷம்! சிரிக்காதீங்க, நிறைய பிளான் இங்கதான் கவிழுது. வழியில கழிப்பறை நிறைய இருக்கற ஒரு இடத்துல பஸ்ஸை நிறுத்துங்க.

இப்ப பின்னாலிருந்து எண்ணுங்க. சூரியன் மறையறது 6 மணின்னா, டென்ட் போடற இடத்துக்கு 4 மணிக்கு வந்துடணும். மலைமுகடுக்குப் பின்னால சூரியன் முன்னாடியே போயிடும், இருட்டும் குளிரும் சீக்கிரமே இறங்கிடும். நாலு மணியிலிருந்து ஏழே கால் மணி நேரம் பின்னால போனா, காலையில 8:45. அதுக்கு அப்புறம் கிளம்பறதா இருந்தா, பாதையைச் சின்னதாக்குங்க, வேகத்தைக் கூட்டாதீங்க.

(வேகமா நடக்கற நண்பர் யாராவது உங்க குரூப்ல இருந்தா, இந்த வீடியோவை அவருக்கு மட்டும் அனுப்புங்க. லைக் கூட அப்புறம் போட்டுக்கலாம்.)

[6:40 – கேம்ப்]

உயரம் 1000 மீட்டர் கூடினா வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும். அடிவாரத்துல ராத்திரி 16 டிகிரின்னா, ஆயிரம் மீட்டர் மேல 9, 10 டிகிரி. குளிர்ந்த காத்து கனமானது, பள்ளத்துல போய்த் தேங்கும். அதனால ஓடைக்கரைப் பள்ளம் வேண்டாம், மொட்டை முகடும் வேண்டாம். கொஞ்சம் மேடான, காத்து மறைவான, மேல காய்ஞ்ச கிளை தொங்காத இடம் பாருங்க.

எல்லாரும் ஸ்லீப்பிங் பேக்லதான் காசைக் கொட்டறாங்க. அதுக்குக் கீழ விரிக்கற ஸ்லீப்பிங் மேட்டை யாரும் மதிக்கறதில்ல. ஸ்லீப்பிங் பேக் சூடு தர்றதில்ல, உள்ள அடைச்சிருக்கற காத்தை வச்சு உங்க சூட்டைக் காப்பாத்துது. முதுகுக்குக் கீழ அது நசுங்கி, காத்து வெளிய போயிடும். அப்புறம் தரைதான் ராத்திரி பூரா உங்க சூட்டை உறிஞ்சும். "விலை உயர்ந்த பேக், ஆனாலும் நடுங்கினேன்"னு சொல்றவங்க பெரும்பாலும் மெல்லிசான மேட்ல படுத்தவங்க.

டென்ட்ல மூணு பேர்னு போட்டிருந்தா, ரெண்டு பேரும் பையும்னு படிங்க. காலையில "டென்ட் ஒழுகுது"ன்னு ஒரு புகார் வரும். ஒழுகலைங்க, அது நீங்க விட்ட மூச்சு. ஜன்னலை அடைச்சா ஈரம் துணியில படிஞ்சு சொட்டும். கொஞ்சம் திறந்தே வைங்க. டென்ட்டுக்குள்ள அடுப்பு மட்டும் கூடவே கூடாது. அதுலேர்ந்து வர்ற கார்பன் மோனாக்சைடுங்கற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது.

தண்ணிக் கணக்கு: சாயங்காலமும் காலையும் சேர்த்து ஆளுக்கு 4 லிட்டர், 24 பேருக்கு 96 லிட்டர், அதாவது 96 கிலோ. யார் தூக்குவா? அதனால தண்ணி இருக்கற இடம்தான் கேம்ப். அது அந்தப் பருவத்துல வத்தாம இருக்குமான்னு ஒரு மாசத்துக்குள்ள போய் வந்தவங்ககிட்ட கேளுங்க. கொதிக்க வைக்கறதா இருந்தா, நல்லா தளதளன்னு ஒரு நிமிஷம். 2000 மீட்டருக்கு மேல மூணு நிமிஷம். ஒரு லிட்டருக்குச் சுமார் 15 கிராம் கேஸ். அந்த 96-ல 72 லிட்டர் கொதிக்க வச்சா ஒரு கிலோவுக்கு மேல கேஸ், 230 கிராம் சிலிண்டர் அஞ்சு. காத்தடிச்சா அது ரெண்டு மடங்காயிடும். குடிக்கற தண்ணிக்கு குளோரின் மாத்திரை, சமையலுக்கு மட்டும் கேஸ்னு பிரிச்சா பாரம் பாதி குறையும். வெறும் பியூட்டேன் சிலிண்டர் வாங்காதீங்க. அது பூஜ்ய டிகிரிக்குப் பக்கத்துல ஆவியாகவே மாட்டேங்கும், அடுப்பு விடியற்காலையில அம்போன்னு நிக்கும்.

கழிப்பறை இல்லாத இடத்துல: தண்ணியிலிருந்து 60 மீட்டர் தள்ளி, 15-லிருந்து 20 சென்டிமீட்டர் ஆழக் குழி, பேப்பர் திரும்பப் பையில. குழி தோண்டற சின்னக் கரண்டி குழுவுக்கு ஒண்ணு.

சாப்பாடு: நீங்க வீட்டுல ஏற்கனவே சமைச்சுப் பார்த்ததை மட்டும் கொண்டு போங்க.

[8:50 – எது தப்பாகும்]

எங்க இருந்தாலும் எத்தனை மணிக்குத் திரும்பிடணும்னு முதல் நாள் ராத்திரியே எழுதிடுங்க. மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல எண்ணுங்க, மூணு நொடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 நொடிக்குள்ள வந்தா முகட்டை விட்டு இறங்கணும். கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி நேரம் திரும்ப ஏறக்கூடாது. நடுங்கிட்டிருந்தவர் துணி மாத்தாமலே திடீர்னு நடுக்கம் நின்னு குழறிப் பேசினா, தேறிட்டார்னு நினைக்காதீங்க, அதுதான் மோசமான கட்டம். ஈரத் துணியை மாத்தி, மேட்ல படுக்க வச்சு, ஸ்லீப்பிங் பேக்குள்ள போட்டுட்டு உதவிக்குக் கூப்பிடுங்க. சிக்னல் இல்லாட்டி விசில்: நிமிஷத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிஷம் அமைதி, திரும்ப ஆறு. யாராவது கேட்டா மூணு ஊதலா பதில் வரும்.

ஞாயித்துக்கிழமை இறக்கம். ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது தொடையும் கால்விரலும் அடி வாங்கும். நகத்தை ரெண்டு நாள் முன்னாடியே வெட்டிடுங்க, இறங்கறதுக்கு முன்னாடி கணுக்கால்கிட்ட லேஸை இறுக்குங்க. ஒரு மாசம் முன்னாடி, அதே ஷூ, அதே பாரத்தோட ஒரு ஒத்திகை நடை கட்டாயம். அன்னிக்கு எவ்வளவு நேரம் ஆச்சோ அதை நம்ம கணக்குல போடுங்க, நெய்ஸ்மித்தை ஓரமா வைங்க.

கடைசியா, கீழ நிக்கற வண்டி. ரெண்டு நாள் நடந்து, பாதித் தூக்கம் தூங்கினவர் ஸ்டீயரிங் பிடிக்கக் கூடாது. மலைக்கு வராத டிரைவர் ஒருத்தரோட சம்பளத்தையும் முதல்லயே பயணச் செலவுல எழுதுங்க. நன்கொடைக் கணக்குல இல்லைங்க, பயணச் செலவுல.