முற்றத்தை யார் பேருக்கு எழுதுவது?

(புதுச்சேரி பழைய நகரப் பகுதி வீட்டுக்காரர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, இடமில்லாமல் திண்ணையில் உட்கார்ந்து கேட்கிற தம்பிகளே, வணக்கம்.

நான் கட்டடக்கலை படித்தவன் இல்லை. பத்திரம் எழுதிப் பிழைத்தவன். வீடு கைமாறும்போது விற்கிறவர் கண்ணைத் துடைப்பதையும் வாங்குகிறவர் பேனா மூடியைத் திறப்பதையும் ஒரே மேசையில் பார்த்தவன். நம் வீடுகளின் அழகைப் பேச ஊரில் ஆள் நிறைய இருக்கிறார்கள். நான் விலையைப் பேசிவிட்டுப் போகிறேன்.

பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, நம் தமிழர் பகுதியில், ஒரு வீடு விலைக்கு வருகிறது. தரகர் வந்ததும் கேட்பது என்ன? "மனை எத்தனை சதுர அடி? முகப்பு எத்தனை அடி?" அவ்வளவுதான். தாழ்வாரத்துத் தூண் தேக்கா என்று கேட்க மாட்டார். வாங்க வருகிறவர் இன்னும் ஒரு படி மேலே போவார்: "இடிக்கிற செலவு இருக்கே, அதையும் கழிச்சுக்குங்க." (சிரிப்பு) சிரிக்காதீர்கள். உங்கள் தாத்தா கட்டிய வீட்டுக்கு விலை பூஜ்யம்கூட இல்லை, அதற்கும் கீழே. ஆனால் அதே வீட்டை இடித்த மறுவாரம் தூண், நிலைக்கதவு, உத்தரம் எல்லாம் தனித்தனியாகப் பழம்பொருள் கடைக்குப் போய், அங்கே நல்ல விலைக்கு நிற்கும். முழு வீடாக நின்றபோது மதிப்பில்லாதது, உடைந்த பிறகு மதிப்புப் பெறுகிறது. இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

இதில் வாங்குகிறவரை மட்டும் குறை சொல்ல முடியாது. வங்கிக்குப் போய்ப் பாருங்கள். மதிப்பீட்டாளர் வருவார், மேலே பார்ப்பார். தேக்கு உத்தரத்தின் மேல் சிறு செங்கல்லை நிறுத்தி அடுக்கிச் சுண்ணாம்பில் பிடித்த மெட்ராஸ் டெர்ரஸ் தெரியும். "கட்டடத்துக்கு இன்னும் எத்தனை வருஷம் ஆயுள்?" என்று படிவம் கேட்கும். கடன் தவணையைவிட ஆயுள் குறைவு என்று எழுதிவிட்டால் கதை முடிந்தது. மாதச் சம்பளக்காரர் கடன் வாங்கி இந்த வீட்டில் குடியேற முடியாது. பிறகு யார் வாங்குவார்? கையில் ரொக்கம் வைத்திருப்பவர். அவர் அடுக்குமாடி கட்டுவார், இல்லையென்றால் விடுதி நடத்துவார். கிழக்கே பிரெஞ்சுப் பகுதியில் வீடு நின்றது, குடும்பம் போனது. மேற்கே வீடே போனது.

சரி, விற்கிறவர் பக்கம் வருவோம். என் தொழிலில் அதிகம் வியர்த்த இடம் இது: பாகம் பிரிக்கும்போது முற்றத்தை யார் பேருக்கு எழுதுவது? மனையைப் பங்கு போடலாம். நீளவாக்கில் இரண்டு, மூன்று கோடு கிழித்தால் ஆயிற்று. வீட்டை அப்படி முடியாது. நம் வீடுகள் அகலம் குறைந்து ஆழம் நீண்டவை. திண்ணை, நடை, முற்றம், பின்கட்டு, கிணறு என்று ஒரே நூலில் கோத்தவை. குறுக்கே கோடு போட்டால் பின்கட்டுக்காரருக்கு வழி இல்லை. நீளவாக்கில் போட்டால் கோடு நேராக முற்றத்தின் நடுவே ஓடும். அண்ணன் தம்பி இரண்டு பேரும் அதன்மேல் சுவர் எழுப்பிய வீடுகளை நான் அறிவேன். வெளிச்சம் இரண்டு பேருக்கும் இல்லை. அப்புறம் இரண்டு பேரும் விற்றார்கள்.

பங்காளிகளில் ஒருவர் அவசரப்பட்டுத் தன் பிரியாத பாகத்தை வெளியாளுக்கு விற்றுவிடுவதும் உண்டு. அப்படி வாங்கியவர் குடியிருப்பு வீட்டுக்குள் வந்து கூட்டாக உட்காரச் சட்டம் இடம் கொடுக்காது. பாகம் பிரிக்கக் கேட்டு அவர் வழக்குப் போட்டால், நீதிமன்றம் குறிக்கும் மதிப்பைக் கட்டி அந்தப் பாகத்தைக் குடும்பத்தாரே வாங்கிக்கொள்ளக் கேட்கலாம். இது தெரியாமல் பயந்து மொத்த வீட்டையும் கொடுத்தவர்கள் உண்டு.

நம் ஊருக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது, வெளியூர் வக்கீல்கள் இதில் தடுமாறுவார்கள். தாய்ப்பத்திரம் பிரெஞ்சு மொழியில், நொத்தேர் என்கிற பிரெஞ்சுப் பத்திர அதிகாரி முன் எழுதியதாக இருக்கும். அதைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ பெயர்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். மூதாதையர் 1881 பிரெஞ்சு ஆணைப்படி தம் மத, சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்த ரெனோன்சான் குடும்பமா என்று கேளுங்கள். அப்படியானால் வாரிசுரிமைக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் இல்லை, பிரெஞ்சு சிவில் சட்டம். அதில் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய பாகத்தை உயில் எழுதி அழிக்க முடியாது. 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த சொல்தா குடும்பங்கள், அதாவது பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்கள், எத்தனை! ஒரு மகன் பாரிஸில், மகள் ரீயூனியன் தீவில், வீட்டுச் சாவி எதிர்வீட்டில். பவர் பத்திரம் தபாலில் வரும். பவர் வாங்கியவர் அதை வைத்துக்கொண்டே தன்னை வீட்டுக்காரர் என்று சொல்ல முடியாது. பதிவு செய்த கிரயப் பத்திரம் வேண்டும் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் வரிப்பிடித்தம் வழக்கமான ஒரு சதவீதத்தோடு நிற்காது. ஆடிட்டரைக் கேட்காமல் பணம் கொடுத்தால், கட்டாத வரி வாங்கியவர் தலையில் விழும்.

வாங்குகிறவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை: புதுப் பெயின்டைப் பார்த்து மயங்காதீர்கள். சுண்ணாம்புச் சுவருக்குமேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூக்கும். பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர் இருந்தால் அது பத்திரத்தில் எப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது என்று படியுங்கள். அவர் இடித்தால் உங்கள் உத்தரம் எதன்மேல் உட்காரும்?

பழுது பார்க்கவே முடியாது என்கிறார்கள். வைசியாள் வீதிக்கு நடந்து போய்ப் பாருங்கள். முகப்பும் திண்ணையும் தெருத் தாழ்வாரமும் சீரானதற்கு 2008இல் யுனெஸ்கோ விருது வந்தது. கடற்கரையில் மேரி கட்டடம், பிரெஞ்சுக்காரர் கால நகராட்சி மன்றம், 2014 நவம்பர் மழையில் சரிந்தது. உலக வங்கி நிதி வந்தது, பழைய உருவிலேயே எழுப்பி 2021இல் திறந்தார்கள். விழுந்த பிறகு கோடிகள் கிடைக்கின்றன. விழுவதற்கு முன் ஓடு மாற்றச் சில லட்சம் கடன் கேட்டால்தான் ஆயுள் கேட்கிறார்கள்.

கேள்வி நேரம் என்றார்கள். ஒரு அம்மா எழுந்து, "ஐயா, முற்றத்தை யார் பேருக்குத்தான் எழுதினீங்க?" என்று கேட்டார்கள். ஒரே ஒரு குடும்பத்துக்கு மட்டும் என் இஷ்டப்படி எழுதினேன். மூன்று பங்கையும் எல்லை சொல்லிப் பிரித்துவிட்டு, முற்றத்தை "மூவருக்கும் பொதுவான மழைநீர் இறங்கும் இடம், மறைக்கக் கூடாது" என்று ஒரு வரி சேர்த்தேன். சார்பதிவாளர் இரண்டு முறை படித்துவிட்டு முத்திரை குத்தினார். அந்த வீட்டுக்கு இரண்டு கதவு வந்துவிட்டது, ஒரு கடையும் வந்துவிட்டது. முற்றத்தில் இன்னும் மழை இறங்குகிறது.