அடைப்புக்குறிக்குள் ஓர் ஊர்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். பெங்களூரு மெட்ரோவின் ஊதா வழித்தடத்தில் கிழக்கே கடைசி நிலையம் வரை போயிருக்கிறீர்களா? நிலையத்தின் பெயர் ஒயிட்ஃபீல்டு, அடைப்புக்குறிக்குள் காடுகோடி. அந்த அடைப்புக்குறிக்குள்தான் நான் முப்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன்.

ஒயிட்ஃபீல்டு என்ற பெயருக்கு இன்னும் நூற்றைம்பது வயதுகூட ஆகவில்லை. 1882-இல் மைசூர் மகாராஜா சாமராஜேந்திர உடையார் ஆங்கிலோ-இந்தியர்கள் குடியேற நிலம் கொடுத்தார். முன்னின்று கேட்டு வாங்கிய ஒயிட் துரையின் பெயரே ஊருக்கும் நிலைத்துவிட்டது.

காடுகோடி அதற்கும் எண்ணூறு ஆண்டுகள் மூத்தது. இங்குள்ள காசி விசுவேசுவரர் கோயிலில் 1043-ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தது. பெர்மாடி காவுண்டன் மகன் ராஜராஜ வேளான் பட்டந்தூர் ஏரியை அமைத்து, மதகு வைத்து, கணபதி, துர்க்கை, க்ஷேத்திரபாலர் திருவுருவங்களையும் நிறுவிய செய்தியை அது சொல்கிறது. தகப்பன் பெயரில் கன்னட மணம், மகனுக்கோ சோழ மன்னனின் பெயர்!

இந்தக் கல்வெட்டைக் காட்டி மார்தட்டும் நண்பர்கள் எனக்கு உண்டு. எனக்குப் பிடித்தது அதிலுள்ள மதகுதான். மதகு வைத்தார்கள் என்றால், கீழே வயல் இருந்தது, தண்ணீரை முறைவைத்துத் திறந்துவிட ஓர் ஆள் இருந்தான் என்று பொருள். அவனைக் கன்னடத்தில் நீருகண்டி என்பார்கள்; நம் பக்கத்தில் நீர்க்கட்டி. இப்போது வயலும் இல்லை, அவனும் இல்லை. ஏரிக்கரையில் காலை நடை போகிறவர்கள் இருக்கிறார்கள்.

நான் குடிவந்த புதிதில் அறுவடைக் காலத்தில் கேழ்வரகுக் கதிரைச் சாலையிலேயே பரப்பிவிடுவார்கள். லாரியும் பஸ்ஸும் ஏறிப் போரடித்துக் கொடுத்துவிடும். மார்கழி வந்தால் மொச்சை. எதிர்வீட்டு அஜ்ஜி (கன்னடத்தில் பாட்டி) ஊறவைத்த மொச்சையை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்காருவார். கட்டைவிரலால் ஓர் அழுத்து. தோல் கையில் நிற்கும், பருப்பு தட்டில் துள்ளி விழும். பேச்சு நிற்காது, கண் தட்டின் பக்கம் போகாது. நான் பிதுக்கினால் மூன்றில் ஒன்று தரையில்தான் விழும். இன்றும் அப்படித்தான்.

இந்தப் பக்கத்து ஏரிகள் ஒன்று நிரம்பி அடுத்ததற்கு வழியும். கடைசியில் தென்பெண்ணையில் சேரும். அந்த ஆறுதான் ஓசூர், கிருஷ்ணகிரி தாண்டி எங்கள் சாத்தனூர் அணைக்கும் போகிறது. ஊரில் என் அண்ணனுக்கு இதைச் சொன்னபோது, "அப்படியென்றால் உங்கள் ஊர்ச் சாக்கடையையும் சேர்த்துத்தான் எங்களுக்கு அனுப்புகிறீர்கள்" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

2022-இல் பெரிய மழை பெய்ததே, அப்போது ஒரு நாள் விடியற்காலையில் அஜ்ஜி கதவைத் தட்டினார். "கெரெ கோடி பித்து" என்றார். எங்கள் திருவண்ணாமலைப் பக்கத்தில் ஏரி நிரம்பி வழிந்தால் "ஏரி கோடி போகிறது" என்போம். எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு இருவருமாகப் பார்க்கப் போனோம்.