தாயைக் காட்டாமல் நான் விற்ற ஆறு குட்டிகள்

வணக்கம். கொழிஞ்சாம்பாறையில் என் வீட்டுத் திண்ணையிலிருந்து பேசுகிறேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இன்று பலமாக வீசுகிறது. நடுவில் தென்னை ஓலைச் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று தோப்பைச் சுற்றிக் காட்டப் போவதில்லை. இந்த நாயைப் பற்றித்தான் பேச வேண்டும்.

கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன். காதுக்குப் பின்னால் பாருங்கள். மேலே பார்த்தால் அழகான சுருள் முடி. விரலை உள்ளே விட்டால் போகாது. அடியில் கோரைப்பாய் முடைந்ததுபோல ஒரே தகடாகச் சிக்கு விழுந்திருக்கிறது. நேற்று மாலை கத்தரிக்கோல் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தேன். உள்ளே தோல் சிவந்து, ஈரம் கசிந்து, நாற்றம் அடித்தது. இந்த ஒரு காது மடிப்பில் மட்டும் 31 உண்ணிகளை எடுத்தேன். சிக்கு இறுகினால், நாய் தலையைத் திருப்பும்போதெல்லாம் தோலை இழுக்கும். எத்தனை மாதம் இந்த வலியோடு கிடந்தானோ தெரியவில்லை.

இவன் பெயர் புருனோ. தாய் லாப்ரடார், தகப்பன் பூடில் என்ற சுருள்முடி இனம். இருவரையும் சேர்த்துப் பிறந்த குட்டியை லாப்ரடூடில் என்கிறார்கள். மூன்று வருடங்களுக்கு முன் இதே திண்ணையில் பிறந்தான். இவனை விற்றவன் நான்தான்.

வாங்கியது பொள்ளாச்சிப் பக்கத்துக் குடும்பம். அந்த அக்கா ஃபோனில் முதலில் கேட்டதே, "தம்பி, பையனுக்கு இளைப்பு இருக்கிறது. நாய் ஒத்துக்கொள்ளுமா?" என்பதுதான். "பூடில் கலந்தது அக்கா. முடி கொட்டாது, அலர்ஜியே வராது" என்றேன். எனக்கு அது எப்படித் தெரியும்? குட்டி விற்பவர்கள் வீடியோவில் சொன்னார்கள், நானும் சொன்னேன். 25,000 ரூபாய் வாங்கினேன். லாப்ரடார் குட்டியாகவே பிறந்திருந்தால் 8,000 தேறியிருக்கும். கலப்பு என்ற ஒரு சொல்லுக்கு மூன்று மடங்கு விலை.

நாய் போன இரண்டு மாதத்தில் பையனுக்கு மூச்சுத்திணறல் அதிகமாகிவிட்டது. நாயைக் கொண்டுபோய் மாட்டுத் தொழுவத்தில் கட்டினார்கள். தினமும் சீவ வேண்டிய முடியைத் தொழுவத்தில் யார் சீவுவார்கள்? அந்தக் குடும்பத்தை நான் குறை சொல்லமாட்டேன். பொய்யை நம்பி வாங்கியவர்கள் அவர்கள். போன வாரம் அந்த அக்காவே அழைத்து, "பார்க்கச் சகிக்கவில்லை தம்பி, நீயே கொண்டுபோய்விடு" என்றார்.

இவனைக் கொண்டுவந்த பிறகுதான் இந்தக் கலப்பின் கதையைத் தேடிப் படித்தேன். விற்பதற்கு முன் படித்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் பார்வையற்றோருக்கு வழிகாட்டி நாய்களைப் பழக்கும் அமைப்பில் வாலி கான்ரன் என்பவர் இருந்தார். ஹவாயிலிருந்து பார்வையற்ற ஒரு பெண் வழிகாட்டி நாய் கேட்கிறார். அவர் கணவருக்கோ நாய் அலர்ஜி. பூடில்களைப் பழக்கிப் பார்த்து எதுவும் சரிவராமல், கான்ரன் ஒரு லாப்ரடாரையும் பூடிலையும் சேர்க்கிறார். மூன்று குட்டிகள் பிறக்கின்றன. அவற்றின் முடியும் எச்சிலும் ஹவாய்க்குப் போகின்றன. கணவருக்கு ஒத்துக்கொண்டது ஒரே ஒரு குட்டி. சுல்தான் என்ற அந்த நாய்தான் 1989-இல் கொடுக்கப்பட்டது.

ஒரே வயிற்றில், ஒரே ஈற்றில் பிறந்த மூன்றில் இரண்டு அந்த மனிதருக்கு ஆகவில்லை. முதல் ஈற்றே உண்மையைச் சொல்லிவிட்டது. ஆனால் அந்தப் பெயர் உலகமெங்கும் பரவி, அலர்ஜி வராத நாய் என்ற பொய்யும் கூடவே பரவிவிட்டது. கொழிஞ்சாம்பாறைத் திண்ணைவரை வந்து என் வாயிலும் நுழைந்தது. இதைத் தொடங்கிவைத்ததற்காக வருந்துவதாகக் கான்ரனே பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார்.

நாய் அலர்ஜிக்கு முடி காரணம் அல்ல. எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கும் புரதங்கள்தான் காரணம். முடி கொட்டாத நாயும் நக்கத்தான் செய்கிறது, அதன் தோலும் உதிரத்தான் செய்கிறது. 2012-இல் நெதர்லாந்தில் ஓர் ஆய்வு வந்தது. அலர்ஜி தராது என்று விற்கப்படும் இனங்களின் முடியில் அந்தப் புரதம் மற்ற நாய்களைவிடக் குறையவில்லை, கூடுதலாகவே இருந்தது.

கலப்பு நாய் நோயே இல்லாமல் வளரும் என்றும் ஒரு பேச்சு உண்டு. லாப்ரடாருக்கும் இடுப்பு மூட்டுக் கோளாறு வரும், பூடிலுக்கும் வரும். கண் விழித்திரை படிப்படியாகக் கெடும் நோயும் இரண்டிலும் உண்டு. இரு பக்கமும் ஒரே குறை ஒளிந்திருந்தால் குட்டிக்கும் அதுதான் கிடைக்கும். பிரிட்டனின் ராயல் கால்நடைக் கல்லூரி 2024-இல், பூடில் கலந்த மூன்று வகை நாய்களைத் தாய் தகப்பன் இனங்களோடு ஒப்பிட்டது. பெரும்பாலான நோய்களில் வித்தியாசமே இல்லை. நான் இடுப்பு எக்ஸ்ரேகூட எடுக்கவில்லை. தெரிந்தவர் ஒருவரிடம் அழகான பூடில் கடுவன் இருந்தது, கொண்டுவந்து சேர்த்தேன், அவ்வளவுதான்.

கேமராவைத் திருப்புகிறேன். சிமென்ட் தரையில் படுத்திருப்பவள் மணி, புருனோவின் தாய். அவள் வயிற்றைப் பாருங்கள், காம்புகள் தொங்கிப்போய்விட்டன. அவளை நான் சினைக்கு விட்டபோது வயது 14 மாதம். 2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி பெட்டைக்கு 18 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். குட்டிக்கு எட்டு வாரம் நிறையாமல் விற்கக் கூடாது. விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். மூன்றையும் நான் மீறினேன். குட்டிகளை 40-ஆம் நாளே கொடுத்துவிட்டேன். அதன்பின் இரண்டு நாள் மணி படுக்கையை முகர்ந்து முகர்ந்து வீட்டைச் சுற்றினாள். அடுத்த பருவத்திலேயே மறுபடியும் சினைக்கு விட்டேன்.

வாங்கியவர்கள் யாரும் இவளைப் பார்க்கவில்லை. "இவ்வளவு தூரம் எதற்கு அலைகிறீர்கள்? வேலந்தாவளம் சோதனைச் சாவடிப் பக்கம் வந்துவிடுங்கள்" என்பேன். முதலமடை மாம்பழம் வரும் பிளாஸ்டிக் பெட்டியில் செய்தித்தாள் விரித்து, குட்டியை வைத்து, பஸ் நிற்கும் இடத்தில் கைமாற்றிவிடுவேன். குட்டி பிறந்தது கேரளத்தில், வளர்வது தமிழ்நாட்டில். புகார் சொல்ல நினைத்தாலும் எந்தப் பக்கம் போவது என்று அவர்கள் திகைத்திருப்பார்கள். நான் அதை வசதி என்று நினைத்தேன்.

குட்டி வாங்கப் போகிறவர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான். விற்பவர் வீட்டுக்குப் போங்கள். தாய் எங்கே என்று கேளுங்கள். அவளுக்கு என்ன வயது, எத்தனையாவது ஈற்று, இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்ததா என்று கேளுங்கள். பாதிவழியில் சந்திக்கலாம் என்று சொன்னால் முன்பணத்தை விட்டுவிட்டாவது திரும்பிவிடுங்கள். அலர்ஜி இருக்கும் வீடு என்றால், வளர்ந்த நாயோடு சில நாட்கள் பழகிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

"தெருநாய் எல்லாம் கலப்புதானே, கலந்தால் என்ன தவறு?" என்று கேட்பீர்கள். கலப்பதில் தவறில்லை. சுத்த இனம் என்று மூச்சுவிட முடியாத, சப்பை மூக்குப் ‘பக்’ நாயை விற்பவர்கள் இதைவிடக் கொடுமை செய்கிறார்கள். என் கோபமெல்லாம், தாயின் உடம்பைக் கறந்து, தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லி விற்பதன்மேல்தான். சரிகை போட்ட பெயருக்காகக் குளிர்நாட்டு ஹஸ்கியைப் பொமரேனியனோடு சேர்த்து இந்த வெயிலில் வளர்க்கிறார்கள். அதைப் பார்த்தாலும் எனக்கு இதே கோபம்தான்.

மணிக்கு அடுத்த வாரம் கருத்தடை அறுவைச் சிகிச்சை. புருனோ என்னிடமே இருப்பான். அந்த அக்காவுக்குப் பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன். முதல் ஈற்றில் விற்ற ஆறு குட்டிகளில் நான்கு வீடுகளை அழைத்து விசாரித்துவிட்டேன். ஒன்று நொண்டுகிறதாம், எக்ஸ்ரே செலவை நான் தருகிறேன் என்றிருக்கிறேன்.

மிச்சம் இருப்பது கோயம்புத்தூரில் ஒரு வீடு. அங்கே போன குட்டி இரண்டாம் நாளே வாந்தி எடுத்து, ரத்தக் கழிச்சலாகி, அந்த வாரமே செத்துவிட்டது. பார்வோ என்ற தொற்றுநோய். "பயண அலைச்சல் சார், நீங்கள் பால் மாற்றியிருப்பீர்கள்" என்றேன் நான். பார்வோ தொற்றினால் வெளியே தெரியக் குறைந்தது மூன்று நாளாவது ஆகும் என்று எங்கள் கால்நடை மருத்துவர் இப்போது சொல்கிறார். அப்படியென்றால் கிருமி என் வீட்டிலிருந்துதான் போயிருக்கிறது. குட்டிக்கு ஓர் ஊசிகூட நான் போட்டிருக்கவில்லை. அந்த வீட்டுக்காரரோ தன் கைத்தவறால்தான் குட்டி செத்தது என்று என்னிடமே மன்னிப்புக் கேட்டார்.

அவர் எண் இன்னும் என்னிடம் இருக்கிறது. கேமராவை நிறுத்திவிட்டு அவரைத்தான் அழைக்கப் போகிறேன்.