தட்டு பத்து டாலர்! மம்தானி மேயர் ஆக ஆசைப்பட்டது ஏன்?

வணக்கம் மக்களே. இன்றைக்கும் நியூயார்க்கின் ஜாக்சன் ஹைட்ஸ் தெருமுனையில், உணவு வண்டி முன்னால்தான் நிற்கிறேன். கையில் சிக்கன் ரைஸ், வெள்ளை சாஸ் இரண்டு மடங்கு. என் வழக்கம் உங்களுக்குத் தெரியும். விலை 10 டாலர். பத்து! நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் இதே தட்டை 6 டாலருக்குச் சாப்பிட்டிருக்கிறேன்.

கோழி விலை மட்டும் ஏறியதால் இப்படி ஆகவில்லை. வண்டி பர்மிட்டுக்கு நகராட்சி வாங்குவது சில நூறு டாலர்தான். ஆனால் புது பர்மிட் சுலபத்தில் கிடைக்காது. அதனால் பர்மிட் வைத்திருக்கும் ஒருவரிடம் வாடகைக்கு எடுக்கிறார்கள். அதற்கு 20,000 டாலருக்கு மேல் கொடுப்பவர்களும் உண்டு. அந்தப் பணம் நம் தட்டில்தான் வந்து விழுகிறது. 2025 ஜனவரியில், நியூயார்க் மேயர் தேர்தலுக்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்த ஸோரான் மம்தானி வண்டிக்காரர்களிடமே போய் இதைக் கேட்டு வீடியோ போட்டார். இந்த நிலை மாறினால் 8 டாலருக்குத் தருவோம் என்றார்கள். வீடியோவில் அந்தக் கட்டத்தை நான் மூன்று முறை திரும்பப் பார்த்தேன்.

அப்பா பேராசிரியர், அம்மா இயக்குநர் மீரா நாயர், இவருக்கு எதற்கு மேயர் பதவி என்று சிலர் கேட்கிறீர்கள். அந்தக் கேள்வி எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அரசியலுக்கு வருவதற்கு முன் அவர் இந்த ஊரின் குயின்ஸ் பகுதியில் வீட்டுக்கடன் ஆலோசகர். தவணை கட்ட முடியாமல் வீட்டை இழக்கப் போகும் குடும்பங்களோடு உட்கார்ந்து, வீட்டைக் காப்பாற்றிக் கொடுக்கும் வேலை. ஒரு குடும்பத்தைக் காப்பாற்றினால் அடுத்த குடும்பம் வந்து நிற்கும். இந்த நெருக்கடி தானாக வந்ததல்ல, சிலர் எடுத்த முடிவால் வந்தது என்று அங்கேதான் புரிந்தது, அதனால்தான் தேர்தலில் நின்றேன் என்கிறார் அவர். 2020-ல் குயின்ஸில் உள்ள அஸ்டோரியாவிலிருந்து மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்வானார்.

ஐயோ, டாக்ஸி கதையை விட்டுவிட்டேனே! டாக்ஸி உரிமமான மெடாலியன் 2014 வாக்கில் 10 லட்சம் டாலர் வரை போனது. கடன் வாங்கி அதை எடுத்தவர்கள் விலை சரிந்ததும் மூழ்கிப்போனார்கள், சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள். 2021-ல் மேயர் அலுவலகம் இருக்கும் சிட்டி ஹால் அருகே ஓட்டுநர்கள் உண்ணாவிரதம் இருந்தபோது மம்தானியும் 15 நாள் சாப்பிடாமல் கூடவே இருந்தார். கடைசியில் ஒவ்வொரு மெடாலியன் கடனையும் அதிகபட்சம் 1,70,000 டாலராகக் குறைக்க ஒப்பந்தம் வந்தது. எனக்கு அவரைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

சரி, அப்புறம் ஏன் மேயர்? சட்டமன்றத்தில் அவர் 150 பேரில் ஒருவர். இலவசப் பேருந்துக்குப் போராடினார், ஐந்து தடங்களில் 2023 செப்டம்பரில் தொடங்கியது. அதில் ஒன்றான கியூ4 பேருந்தில் நான் காசில்லாமல் போன வீடியோ நினைவிருக்கிறதா? அடுத்த வருடமே நிறுத்திவிட்டார்கள். இன்னும் எனக்கு ஆறவில்லை. ஆனால் வாடகை வேறு கதை. இந்த ஊரில் சுமார் 10 லட்சம் வீடுகளின் வாடகை உயர்வைத் தீர்மானிக்கும் வாரியத்தில் 9 பேர், அத்தனை பேரையும் நியமிப்பவர் மேயர். என் வீடும் அந்த 10 லட்சத்தில் ஒன்று. வாடகையை ஏறாமல் நிறுத்தி வைப்பேன் என்று சொல்ல மேயர் நாற்காலி வேண்டும்.

2026 ஜனவரி 1 அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதே வாரம் பேருந்துக் கட்டணம் 3 டாலர் ஆனது, அது மாநிலத்தின் கையில் இருக்கும் எம்.டி.ஏ. என்ற போக்குவரத்துக் கழகத்தின் முடிவு, மேயருடையது அல்ல. இந்தத் தட்டு 8 டாலர் ஆகும் நாளில் இதே வண்டி முன்னால் நின்று வீடியோ போடுகிறேன். இப்போது சோறு ஆறுகிறது, சாப்பிடப் போகிறேன்.