ஏஸை எந்த நாளில் இறக்குவது?

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். ஜூன் மாதம் பிறந்தால் எனக்கு அந்த ஆட்டத்தைத் தவிர வேறு நினைப்பே இருக்காது. அதில் பல வருடங்களாக என்னை விடாமல் பிடித்திருக்கும் ஒரு கேள்வியைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறேன். அணியில் ஒரு ஏஸ் இருக்கிறார், அதாவது இருப்பதிலேயே சிறந்த பிட்சர், பந்தை எறிபவர். தொடர் மூன்று நான்கு நாட்கள் நடக்கப்போகிறது. அவரை எந்த ஆட்டத்தில் இறக்குவது?

கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்கு இதில் என்ன சிக்கல் என்று தோன்றும். பும்ராவை நாலு ஓவர் வீசவைத்து, ஓய்வு கொடுத்து, சாயங்காலம் மறுபடி கூப்பிடலாம். மறுநாளும் வீசுவார். பேஸ்பாலில் அது நடக்காது. முதலில் இறங்கும் பிட்சர் நூறு பந்து போல முழு வேகத்தில் எறிவார். அவரை மாற்றிவிட்டால் பொதுவாக அன்றைக்கு அவர் வேலை முடிந்தது. அப்புறம் நான்கைந்து நாளாவது கை ஆற வேண்டும். கல்லூரி அணிகள் சீசனில் பெரும்பாலும் வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று ஆட்டத் தொடராகத்தான் ஆடுகின்றன. ஏஸ் வெள்ளிக்கிழமை எறிவார், பிறகு அடுத்த வெள்ளிதான். பிளேஆஃப் வரும்வரை இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

பிளேஆஃபில் 64 அணிகள். நான்கு நான்காகப் பிரித்து 16 ஊர்களில் ரீஜனல் சுற்று. இரண்டு முறை தோற்றால் வெளியே. இதில் முதல் இடத்தில் வைக்கப்பட்ட அணி முதல் நாள் நான்காம் இடத்து அணியோடு மோதும். இங்கேதான் பயிற்சியாளருக்கு ஆசை வரும். சின்னக் கல்லூரிதானே, இரண்டாவது பிட்சரே போதும், ஏஸை நாளைய பலமான எதிரிக்கு வைத்துக்கொள்வோம் என்று.

எனக்கு இந்தக் கணக்கு பிடிப்பதில்லை. அந்தச் சின்னக் கல்லூரியும் தன் ஏஸைத்தான் அன்றைக்கு இறக்கும். ஒரு நல்ல பிட்சர் எந்த ஊர்க் கல்லூரியிலும் இருக்கலாம். 2008-இல் ஃப்ரெஸ்னோ ஸ்டேட் நான்காம் இடத்து அணியாக உள்ளே வந்து, கடைசியில் தேசிய சாம்பியன் பட்டத்தையே வாங்கிக்கொண்டு போனது. முதல் நாள் தோற்றால் என்ன ஆகும்? அதற்குப் பிறகு நான்கு ஆட்டங்களை வரிசையாக ஜெயிக்க வேண்டும், அதுவும் மூன்றே நாளில். அத்தனைக்கும் பிட்சர்கள் எந்த அணியிலும் இல்லை. அதனால் முதல் நாளே ஏஸ் என்பதுதான் என் கட்சி.

அடுத்தது சூப்பர் ரீஜனல். இரண்டே அணிகள், மூன்று ஆட்டம், இரண்டு ஜெயித்தால் போதும். இங்கே ஒரு விஷயம் சொல்கிறேன், கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். நம்மிடம் மூன்று பிட்சர்கள், மூவரையும் ஆளுக்கு ஓர் ஆட்டம் இறக்கப்போகிறோம். ஒவ்வொருவர் இறங்கும்போதும் ஜெயிக்க இவ்வளவு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். அவர்களை எந்த வரிசையில் இறக்கினாலும் தொடரை ஜெயிக்கும் வாய்ப்பு ஒன்றுதான்! இரண்டு ஆட்டத்தில் முடிந்தாலும் மூன்றாவதையும் சும்மா ஆடிவிட்டதாக மனதில் நினைத்துப் பாருங்கள். மூன்றில் இரண்டை யார் ஜெயித்தார்கள் என்பதுதானே கேள்வி? எது வெள்ளி, எது சனி என்று யாரும் கேட்கப்போவதில்லை. ஏஸை வெள்ளியில் வைத்தாலும் ஞாயிறில் வைத்தாலும் கணக்கு மாறாது.

அப்படியென்றால் எதற்கு இவ்வளவு யோசனை? காகிதத்தில் இல்லாத விஷயங்கள் இருக்கின்றனவே. எதிரணி தன் ஏஸை எந்த நாளில் வைத்திருக்கிறது என்பது ஒன்று. போன வாரம் நம் ஏஸ் கடைசியாக எந்தக் கிழமை எறிந்தார் என்பது இன்னொன்று. எனக்கு முக்கியமாகப்படுவது ரிலீவர்கள், நடுவில் வந்து ஆட்டத்தை முடித்துக்கொடுப்பவர்கள். ஒரு ஆட்டத்தில் ஒன்பது சுற்று, சுற்றை இங்கே இன்னிங்ஸ் என்பார்கள். ஏஸ் முதல் நாள் எட்டு இன்னிங்ஸ் எறிந்தால் அவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். அந்த ஓய்வு மறுநாள் பலன் தரும். ஏஸ் ஒரு ஆட்டத்தை மட்டும் ஜெயித்துக் கொடுப்பதில்லை, அடுத்த ஆட்டத்துக்கு ஆட்களையும் மிச்சம் பிடித்துக் கொடுக்கிறார்.

சரி, நான் சொல்லத் துடிக்கும் கதைக்கு வருகிறேன். 2023, நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒமாஹா நகரம். எட்டு அணிகள் மோதும் காலேஜ் வேர்ல்ட் சீரிஸ். லூசியானா ஸ்டேட் அணியில் பால் ஸ்கீன்ஸ். விமானப்படை அகாடமியில் படித்துவிட்டு மாறி வந்தவர். மணிக்கு நூறு மைல் வேகத்தில் எறிவார். அந்த ஒரே சீசனில் 209 ஸ்டிரைக் அவுட், அதாவது அடிக்க வந்தவரைத் தன் எறிதலாலேயே வெளியேற்றியது. பயிற்சியாளர் ஜே ஜான்சன் அவரை ஜூன் 17 சனிக்கிழமை, முதல் ஆட்டத்திலேயே இறக்கினார். டென்னசியை 6-3 என்று ஜெயித்தார்கள்.

திங்கட்கிழமை வேக் ஃபாரஸ்டிடம் 3-2 என்று தோல்வி. அந்த வருடம் நாட்டிலேயே முதலிடத்தில் வைக்கப்பட்ட அணி அது. இங்கேயும் இரண்டு முறை தோற்றால் வெளியே, அதனால் இனி ஒரு தோல்வி வந்தாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். செவ்வாய்க்கிழமை நேட் ஆக்கன்ஹவுசன் என்பவரை இறக்குகிறார்கள். அந்த அணிக்காக அவர் ஆட்டத்தைத் தொடங்குவது அதுதான் முதல் முறை! ஆறு இன்னிங்ஸ் ரன்னே கொடுக்காமல் எறிந்தார். டென்னசி வெளியே. புதன்கிழமை வேக் ஃபாரஸ்டை 5-2 என்று திருப்பி அடித்தார்கள். இப்போது இரண்டு அணிக்கும் ஒரே ஒரு ஆட்டம் மிச்சம், ஜெயித்தவர் இறுதிக்கு.

அது ஜூன் 22, வியாழன். சனிக்கிழமை எறிந்த ஸ்கீன்ஸுக்கு நடுவில் நான்கு நாள் ஓய்வு கிடைத்திருக்கிறது. கவனித்தீர்களா? முதல் நாளே இறக்கியதால்தான் வியாழக்கிழமை அவர் தயாராக இருந்தார். முதல் ஆட்டத்தில் ஒளித்து வைத்திருந்தால் இந்த ஆட்டத்துக்கு ஸ்கீன்ஸ் இல்லை. எதிரில் ரெட் லவ்டர், அவர்களுடைய ஏஸ். லவ்டர் ஏழு இன்னிங்ஸ், ரன் இல்லை. ஸ்கீன்ஸ் எட்டு இன்னிங்ஸ், 120 பந்து, ரன் இல்லை. எட்டாவது இன்னிங்ஸில் வேக் ஃபாரஸ்ட் பந்தை மெல்லத் தட்டிவிட்டு, மூன்றாவது பேஸில் நின்றவரை ஓடவைத்தது. லூசியானாவுக்காக முதல் பேஸைக் காத்து நின்ற டிரே மார்கன் முன்னால் பாய்ந்து பந்தை எடுத்து, ரன் முடியும் இடமான ஹோமுக்கு எறிந்தார், ஓடி வந்தவர் அவுட். அந்த ஒரு எறிதலை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. 11-ஆவது இன்னிங்ஸில் லூசியானாவின் டாமி ஒயிட் ஹோம் ரன் அடிக்க, 2-0.

இறுதித் தொடரில் ஃப்ளோரிடாவுடன் மூன்று ஆட்டம். ஆளுக்கு ஒன்று ஜெயித்தாயிற்று. இரண்டாவதில் 24-4 என்று லூசியானாவுக்குப் பயங்கர அடி. திங்கட்கிழமை, ஜூன் 26, பட்டத்தைத் தீர்மானிக்கும் ஆட்டம். ஸ்கீன்ஸுக்கு மூன்று நாள்தான் ஓய்வு. அவர் வருவாரா என்பதுதான் எல்லோர் வாயிலும். ஜான்சன் தாட்சர் ஹர்டை இறக்கினார். ஹர்ட் ஆறு இன்னிங்ஸ் தாக்குப்பிடித்தார், 18-4 என்று பட்டம் வந்தது. ஸ்கீன்ஸ் ஒரு பந்துகூட எறியவில்லை. அடுத்த மாதம், தொழில்முறை அணிகள் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், பிட்ஸ்பர்க் அணி முதல் ஆளாக அவரைத்தான் எடுத்தது. இறக்காமல் விட்ட அந்த முடிவை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பிட்சரின் கை தாங்கும் சுமையைப் பற்றித்தான் விரிவாகப் பேச நினைத்தேன், நேரம் குறைவு என்கிறார்கள். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2019 சூப்பர் ரீஜனலில் முதல் ஆட்டத்தை டியூக்கிடம் 18-5 என்று இழந்த வாண்டர்பில்ட், மறுநாள் குமார் ராக்கரை இறக்கியது. தாய்வழியில் இந்திய வம்சாவளி, அப்போது முதலாண்டு மாணவர். ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் 19 ஸ்டிரைக் அவுட் எடுத்தார். அதே 2023-இல் ஸ்டான்ஃபோர்டின் க்வின் மேத்யூஸ், தோற்றால் வெளியே என்ற ஆட்டத்தில் டெக்சஸுக்கு எதிராக 156 பந்து எறிந்து முடித்தார். ஜெயித்தார்கள், உண்மைதான். ஆனால் ஒரு மாணவனை 156 பந்து எறியவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 2018-இல் ஒரிகன் ஸ்டேட்டின் கெவின் ஏபல், முந்தின நாள் ஒரு இன்னிங்ஸ் எறிந்த கையோடு, இறுதி ஆட்டத்தில் 129 பந்து எறிந்து பட்டம் வாங்கித் தந்தார். அடுத்த வருடம் அவருக்கு முழங்கையில் அறுவை சிகிச்சை. அதற்கு அந்த ஒரு ஆட்டம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஏஸை எந்த நாளில் இறக்குவது என்று கேட்கும்போதே எத்தனையாவது பந்தில் வெளியே எடுப்பது என்பதையும் பயிற்சியாளர் முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும். ஆட்டத்தின் சூட்டில் அந்த முடிவு யாருக்கும் வராது.

நன்றி, வணக்கம்.