குழந்தைகள் படம்: எடுத்தது அரசு, பார்த்தது யார்?

[காட்சி: பழைய கருப்பு வெள்ளை ஃபிலிம் சுருள் ஓடுகிறது]

குழந்தைகளுக்கு மட்டுமே படம் எடுக்க நம் நாட்டில் ஓர் அரசு நிறுவனம் இருந்தது. பெயர், இந்தியக் குழந்தைகள் திரைப்படக் கழகம். அதன் படம் எதையாவது நீங்கள் தியேட்டரில் டிக்கெட் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

1955இல், நேருவின் விருப்பப்படி, தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் கீழ் அது தொடங்கியது. முதல் படம் கேதார் சர்மா இயக்கிய 'ஜல்தீப்'. அப்புறம் ஷியாம் பெனகல் 1975இல் 'சரண்தாஸ் சோர்' எடுத்துக் கொடுத்தார். மும்பைத் தெருக்களில் தொலைந்துபோன நாய்க்குட்டியைத் தேடும் சிறுமியின் கதையை, 'ஹேலோ' (Halo) என்ற படமாக எடுத்தவர் சந்தோஷ் சிவன். ஆக, திறமைக்குப் பஞ்சமே இல்லை.

பணம் முழுக்க அரசுடையது. வசூல் கவலை இல்லாமல் இயக்குநர் படம் எடுக்கலாம். கோளாறும் அங்கேதான். போட்ட காசை எடுக்க வேண்டிய அவசியம் இல்லை என்றால், படத்தைத் தூக்கிக்கொண்டு தியேட்டர் தியேட்டராக அலைய யாருக்கு அவசரம்? மாவட்ட நிர்வாகமும் பள்ளிகளும் ஏற்பாடு செய்த காட்சிகள், திரைப்பட விழாக்கள் என்றே வண்டி ஓடியது. 1979இல் தொடங்கிய சர்வதேசக் குழந்தைகள் பட விழாவுக்குத் தங்க யானை விருதெல்லாம் உண்டு. பின்னாளில் ஹைதராபாத் அதன் நிரந்தர இடமானது. விழா முடிந்ததும் படம் பெட்டிக்குள் போய்விடும்.

[காட்சி: மொட்டை மாடிகளுக்கு மேலே ஒற்றைக் கருப்புப் பட்டம்]

'கட்டு' (Gattu) என்ற படத்தைப் பாருங்கள். உத்தராகண்டின் ரூர்க்கியில் பழைய இரும்புக் கடையில் வேலை பார்க்கும் பையன். எழுதப் படிக்கத் தெரியாது. ஊர்ப் பட்டங்களையெல்லாம் அறுத்துத் தள்ளும் காளி என்ற கருப்புப் பட்டத்தை வீழ்த்த வேண்டும் அவனுக்கு. அதற்குத் தோதான உயரம் பள்ளிக்கூட மொட்டை மாடிதான். எனவே மாணவன் மாதிரி உள்ளே நுழைந்துவிடுகிறான். 2012இல் பெர்லின் விழாவில் சிறப்புப் பாராட்டு பெற்ற இந்தப் படம்தான், கழகம் முறையாகத் தியேட்டருக்குக் கொண்டுவந்த முதல் படம். 1955 எங்கே, 2012 எங்கே!

டென்மார்க் வேறு வழியில் போனது. திரைத்துறைக்கு அரசு தரும் உதவித்தொகையில் குறைந்தது கால் பங்கு குழந்தைகள், இளையோர் படங்களுக்கே போக வேண்டும் என்று 1982இல் சட்டமே போட்டார்கள். தனி நிறுவனம் ஒன்றை ஓரமாக வைக்காமல், திரைத்துறைக்குள்ளேயே குழந்தைகளுக்கு இடம் ஒதுக்கினார்கள். எனக்கு இதுதான் கெட்டிக்காரத்தனமாகப் படுகிறது.

இங்கே என்ன ஆயிற்று? 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தர, 2022இல் கழகத்தின் பொறுப்புகள் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் கைக்குப் போயின.

[காட்சி: அரசுப் பள்ளி வகுப்பறை, சுவரில் ப்ரொஜெக்டர் வெளிச்சம்]

அதே 2022இல்தான் தமிழக அரசுப் பள்ளிகளில் மாதம் ஒரு சிறார் படம் காட்டும் திட்டம் வந்தது. படம் முடிந்ததும் பிள்ளைகள் அதைப் பற்றிப் பேச வேண்டும் என்பதும் திட்டத்திலேயே இருக்கிறது. குழந்தைகள் திரைப்படக் கழகம் காலம் முழுக்கத் தேடிய பார்வையாளர்கள் இங்கே வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கென்றே வருடத்துக்கு இரண்டு தமிழ்ப் படங்களுக்கு அரசு பணம் ஒதுக்கினால், வெளியிட தியேட்டர் கிடைக்குமா என்று அந்தப் படங்களின் இயக்குநர் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை.